கொக்கிக்குப் போட்ட எண்ணெய்

எங்கள் சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. பிள்ளையின் தூக்கம் கெடக் கூடாது என்று தூளிக் கொக்கிக்கு எண்ணெய் போட்ட தகப்பன் நான். காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே நாலு பெண்கள் கூடினாலும் என் மனைவி இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. "எங்க வீட்டுக்காரர் மாதிரி வராதுங்க" என்று ஆரம்பித்து, நான் முக்காலி போட்டு ஏறியது வரை சொல்வாள். நானும் பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரித்திருக்கிறேன். அந்த எண்ணெயைப் போட்டது ஒரு பொய்யைக் காப்பாற்ற. இத்தனை வருடம் மூடி வைத்ததை இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் பாபநாசம் பக்கம். அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் பத்து மா, சம்பா போடுவோம். மூத்தவன் பிறந்தது மனைவியின் பிறந்த வீட்டில், மன்னார்குடிப் பக்கம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். பிரசவம் அங்கே. பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கொண்டுவந்து விடுவார்கள். நடுவில் மாப்பிள்ளை ஒன்றிரண்டு முறை போவார், கை நனைப்பார், துணியை விலக்கிப் பிள்ளை முகத்தைப் பார்ப்பார், கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். என் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகம் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையாக வந்தான். "நம்ம பய அழவே மாட்டான்" என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்தேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 தாய்மார்களிடம் அவரவர் குழந்தை எப்போது, எவ்வளவு நேரம் அழுதது என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லி, அதை 1962-இல் கட்டுரையாக வெளியிட்டார். நோய் நொடி இல்லாத, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைகள். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு அழுகை ஏறிக்கொண்டே போய் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வந்தது. அப்போது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 2¾ மணி நேரம். அதிலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் அதிகம். பிறகு மெல்ல இறங்கி, மூன்றாம் மாத வாக்கில் வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்கள் பாட்டிமார் எந்த நாட்குறிப்பும் எழுதாமலே "மூணு மாசம் கழிஞ்சா தானா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் எந்த வீட்டில் கழிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் பக்கத்து ஆண்கள் இந்த அழுகையைச் சந்திக்காமலே தகப்பனாகியிருக்கிறோம்.

இந்த இடத்தில் தமிழாசிரியனுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. பிள்ளைத்தமிழை 3-ஆம் மாதத்திலிருந்து 21-ஆம் மாதம் வரைக்கும் பாட வேண்டும் என்கின்றன பாட்டியல் நூல்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பிள்ளைகளை வரிசையாக ஒப்பிக்க வைத்தவன் நான். குமரகுருபரர் வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமி மேல் பாடிய பிள்ளைத்தமிழைச் சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கும். மூன்றாம் மாதத்துக்கு முந்தைய பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஒன்றும் இல்லை.

இரண்டாவது பெண். 1999 தை பிறந்ததும் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதற்கு முந்தின வருடம் மாமியார் காலமாகிவிட்டதால் பிரசவம் பார்க்கப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியிலிருந்து நிறைமாதத்தில் விளக்கெண்ணெய் வாங்கிவந்து தடவியது, மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தது, தாழ்வாரத்து உத்திரத்தில் பழைய வாயில் புடவையால் தூளி கட்டியது, எல்லாம் எங்கள் வீட்டிலேயே. முதல் பத்துப் பதினைந்து நாள் பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை. அதன்பிறகு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்தால் ஊர் அடங்கிய பிறகும் ஓயாது. முஷ்டியை இறுக்கிக்கொண்டு, காலை வயிற்றோடு மடக்கி, முகமெல்லாம் கருஞ்சிவப்பாகி அழுவாள்.

அம்மா தன் கையில் இருந்த அத்தனையையும் எடுத்தார். உரைகல்லில் சுட்ட வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டு ஒவ்வொரு உரை உரைத்து நாக்கில் தடவினார். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். "உரம் விழுந்திருக்கும்" என்று அடுத்த தெருவிலிருந்து உரம் எடுக்கிற பாட்டியை வரவழைத்தார். சாம்பிராணி போட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது, புகையும் காட்டக் கூடாது என்று செவிலியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளால் கெடுதல் என்று அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் படித்தது. அம்மாவுக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனால் தவறோ சரியோ, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஏதாவது செய்தவர் அவர்.

நான் என்ன செய்தேன்? கேள்வி கேட்டேன். "பால் குடுத்தியா? ஏப்பம் வந்துச்சா? நீ சாயங்காலம் என்ன சாப்பிட்ட?" பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி தோரணையில் வாசற்படியில் நின்று கேட்பேன். கேட்பதையே பொறுப்பு என்று நினைத்தேன். கிரைப் வாட்டர் வாங்கி வரச் சொன்னால் மட்டும் உடனே சட்டையை மாட்டுவேன். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் கொஞ்சம் சாராயமும் கலந்து செய்த சரக்கு அது; சாராயத்தைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அதனால் குணம் கிடைத்ததோ இல்லையோ, எனக்குக் கிடைத்தது. மருந்துக்கடை அடுத்த தெருவில்தான். போய்வர எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த நேரத்தில் அறுப்பு வந்து என்னைக் காப்பாற்றியது. நாங்கள் போட்டிருந்தது சி.ஆர். 1009, எங்கள் பக்கத்தில் பொன்மணி என்போம். தை கடைசியில் அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொண்டுபோய்க் குவித்தோம். டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை வருகிற வரைக்கும் நெல்லுக்குக் காவல் படுக்க வேண்டும். தை மாசிப் பனியில் ஈரம் ஏறிவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில் சிக்கல். பகலில் பரப்பிக் காயவைத்து, பொழுது சாயக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்தில் வைக்கோலை உதறிப் படுத்துக்கொள்வது வழக்கம். பள்ளி விட்டதும் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போர்வையோடு கிளம்பிவிடுவேன். "நெல்லு கெடக்கு" என்றால் மறு பேச்சு கிடையாது. ஒரு வருடத்துச் சோறு. யார் என்ன சொல்ல முடியும்? செல்போன் வராத காலம், கூப்பிடவும் முடியாது.

எங்கள் வயலைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டாவது ராத்திரியே சொன்னார்: "நீங்க வீட்டுக்குப் போங்க சார். பச்சப் புள்ள இருக்கு. நெல்ல நான் பாத்துக்கறேன்." "பாவம், நீ பகலெல்லாம் உழைக்கிற. நீ போய்ப் படு" என்று அவரை அனுப்பிவிட்டேன். சார் மாதிரி மனசு யாருக்கு வரும் என்று அவர் தெருவில் சொல்லியிருக்கிறார். களத்தில் படுத்து நட்சத்திரம் பார்த்தபடி, நாலு பேரோடு அரசியல் பேசி, டீ குடித்துத் தூங்கினேன். இதில் கேவலமான பகுதி கடைசி நாள். எங்கள் நெல்லை எடை போட்டு, மூட்டை லாரியில் ஏறிவிட்டது. அன்றைக்கும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் குவியல்காரருக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு அவர் நெல்லைக் காத்தேன்.

இனி அந்த ராத்திரி. மாசி, இப்போது கணக்குப் போட்டால் அந்த ஆறாவது வாரம்தான். கும்பகோணத்தில் ஒரு துக்கத்துக்கு அம்மா போய்விட்டார். மனைவிக்கு முதல் நாள் ராத்திரியும் தூக்கம் இல்லை. "என்னங்க, ஒரு அரைமணி நேரம் பாத்துக்குங்க. கண்ணு சொக்குது" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். தோளில் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரு தாலாட்டைப் பாதி பாடினேன். தூளியில் விட்டு ஆட்டினேன். நிற்கவில்லை. ஆட்டும் வேகம் என்னை அறியாமல் கூடிற்று என்று எழுதத்தான் கை வருகிறது. அறிந்துதான் கூட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடு, வாய மூடு" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே தள்ளினேன். கடைசியாக ஒரு தள்ளு தள்ளினேன். தூளி அகலமாகப் போய்த் தாழ்வாரத்து மரத்தூணில் இடித்தது.

அழுகை நின்றது. அந்த நிசப்தம் இருந்ததே, அதற்குப் பிறகு இன்றுவரை வேறெதற்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. எந்தப் பக்கம் இடித்தது என்று புடவையை விலக்கிப் பார்க்கக் கை வரவில்லை. பிள்ளை மறுபடி வீறிட்ட பிறகுதான் விலக்கினேன். இடித்தது கால் பக்கம். தலை மறுபக்கம் இருந்தது. என் நிதானத்தால் அப்படி அமையவில்லை. தூளியில் விடும்போது அப்படி விட்டிருந்தேன், அவ்வளவுதான். உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க சத்தம்?" என்றாள். "கொக்கி உரசுது. துரு ஏறியிருக்கு, எண்ணெய் போடணும்" என்றேன். காலையில் அம்மா வந்ததும், இருவரும் பார்க்க முக்காலியில் ஏறித் தேங்காயெண்ணெய் போட்டேன். என் நல்ல பெயர் பிறந்த கதை இது.

பல வருடம் கழித்து ஒரு குழந்தை மருத்துவர் பேசுவதைக் கேட்க நேர்ந்தது. பச்சைப் பிள்ளையின் உயரத்தில் கால்வாசி தலை. அதைத் தாங்கும் கழுத்தில் வலு இருக்காது. கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் உள்ள ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கசியும், கண்ணுக்குள்ளும் கசியும், வெளியே ஒரு காயம்கூடத் தெரியாது என்றார். ஜான் காஃபி என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் 1970-களின் ஆரம்பத்தில் இதை எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். இப்படிக் குலுக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளின் வயதைக் கோடு போட்டுப் பார்த்தால், அழுகையின் கோட்டை ஒட்டியே அதுவும் ஏறி இறங்குகிறது. குலுக்குகிறவர்கள் பெரும்பாலும் கொடூரர்கள் கிடையாது, அழுகையை நிறுத்த முடியாதவர்கள் என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் ஒன்று சொன்னார். பொறுமை போய்விட்டது என்று தெரிந்தால் பிள்ளையை மல்லாக்கச் சமதளத்தில் படுக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளியே போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வாருங்கள், அழுவதால் மட்டும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, இல்லாவிட்டால் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார். கேட்டதும் என் மனம் துள்ளியது. அப்படியானால் நான் களத்துக்குப் போனது சரிதானே? என் கோபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாமே? கொஞ்ச நாள் அப்படிச் சொல்லியும் திரிந்தேன், மனதுக்குள். அது எடுபடாது. களத்துக்குப் போன ராத்திரிகள் முன்னால் வந்தவை. தூளி இடித்தது பின்னால் வந்தது. நான் யாரிடமும் சொல்லிவிட்டு, யார் கையிலும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பவும் இல்லை. விடிந்த பிறகு, பிள்ளை அசந்து தூங்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். தினம் கொஞ்சம் தோளில் போட்டுப் பழகியிருந்தால் அந்த அழுகை எனக்கு அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது, அந்தத் தள்ளும் நேர்ந்திருக்காது.

அழுகையைத் தாங்க முடியாத இளகிய மனசு என்று என்னைப் பற்றி அம்மா சொல்வார். இளகிய மனசு அருகில் போகும். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவன் நான். ஒரு முழம்கூட இல்லாத ஜீவன் அடங்க மறுத்தது. அது எனக்கு அவமானமாக இருந்தது. அவள் அழுதது வயிற்றுக்காகவோ, காரணமே இல்லாமலோ. நான் அதை என் மீது படித்த குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டேன்.

சீர்காழியில் சித்திரை மாதம் திருமுலைப்பால் உற்சவம் நடக்கும். மூன்று வயதுச் சம்பந்தர் பிரம்ம தீர்த்தக் கரையில் நின்று அழுததும், உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். பெரிய புராணத்தை நடத்தும்போது நான் வேகமாகத் தாண்டிய இடம் ஒன்று உண்டு. பிள்ளை எதனால் அழுதது? கரையில் நிறுத்திவிட்டுக் குளத்தில் இறங்கிய தகப்பனார் சிவபாத இருதயர் மந்திரம் சொல்லியபடி நீருக்குள் மூழ்கியிருந்தார். அப்பாவைக் காணாமல் அழுதது. அவர் செய்துகொண்டிருந்தது ஒன்றும் தப்பான காரியமில்லை, அனுஷ்டானம். எழுந்து வந்தபோது பிள்ளையின் வாயில் பாலைக் கண்டு, யார் கொடுத்த எச்சில் பால் என்று கோலை ஓங்கி அதட்டினார். அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குள் மூழ்கிக்கொள்வதும், மேலே வந்ததும் கேள்வி கேட்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் என் வீட்டில், நான் மூழ்கியிருந்த நேரமெல்லாம் பால் கொடுத்தவள் தூக்கமில்லாத ஒரு மனுஷி.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இது. அந்தப் பெண்ணுக்கே பிள்ளை பிறந்து எங்கள் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை; சனிக்கிழமை ராத்திரி வந்தார். வந்த சற்று நேரத்தில் பேத்தி ஆரம்பித்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, தலைக்குக் கை கொடுத்து, பயந்து பயந்து தூக்கினார். அழுகை கூடியது. அப்போது ஒரு குரல், "விடுங்க மாப்பிள்ளை, இதெல்லாம் பொம்பளைங்க பாத்துக்குவாங்க. நீங்க களைச்சு வந்திருக்கீங்க, போய்ப் படுங்க" என்றது. என் குரல்தான். அவர் பிள்ளையைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மட்டும் அடையாளம் கண்டுகொண்டேன். பஸ் பிடித்து வந்த மனிதரைப் பாசத்தோடு களத்துக்கு அனுப்பிவைத்துவிட்டேன்.

அன்று ராத்திரியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூளி இடித்ததைக் கேட்டதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது நான் எதிர்பாராத கேள்வி: "நம்ம மூட்டை ஏறின அன்னைக்குமா அங்க படுத்தீங்க?" தூளி ஒரு ராத்திரி, ஏதோ கோபம், அதை மன்னித்துவிடலாம் என்றாள். எடை போட்ட பிறகும் வராததை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு நாள் காபியை டேபிளில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். வேண்டியதுதான்.

பேத்திக்கு இப்போது ஐந்தாவது வாரம். சாயங்காலம் அழ ஆரம்பித்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானில் குரோடா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2022-இல் சொன்ன ஒரு முறையைப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் யாரும் செய்யலாம்: அழும் பிள்ளையை மார்போடு அணைத்து ஐந்து நிமிடம் ஒரே சீராக நடக்க வேண்டும், தூங்கிவிட்டால் உடனே கீழே விடாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு படுக்க வைக்க வேண்டும். சில நாள் பலிக்கிறது. சில நாள் தாழ்வாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தே கால் கடுக்கிறது, அவள் பாட்டுக்கு அழுகிறாள். உடம்பு அனலாகச் சுட்டால், பால் குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், துவண்டு முனகினால் மட்டும் நடந்துகொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நாளெல்லாம் அழுகை அழுகைதான். ஓயாவிட்டால் என் தோல்வி என்று இப்போது தோன்றுவதில்லை. கை வலித்தால் மகளிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கிறேன், ஐந்து நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை, இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அச்சில் தருகிறேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரும்போது, நானோ வேறு யாரோ போய்ப் படுங்கள் என்று சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளையை நீங்களே தூக்குங்கள். உங்கள் கையில் அழட்டும். ராத்திரி எந்த நேரமானாலும் சரி, இனி முடியாது என்று பட்டால் தயங்காமல் மாடியில் வந்து கதவைத் தட்டி என்னை எழுப்புங்கள். என் பெண்ணை எழுப்புவதற்கு முன்னால்.